லாவெண்டர் மாமனார்

மாப்பிள்ளை கூண்டை விட்டு வெளியே வந்தார். சோம்பல் முறித்தார். மாமனாரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கு நேர் எதிரே, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, உட்கார்ந்தார்.

மாமனார் ஓர் அடி பின்வாங்கினார்.

மாப்பிள்ளை என்பவர் ஒரு நாய். விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் நாய்ப் பிரிவில், போதைப் பொடி கண்டுபிடிக்கிற உத்தியோகம். சர்க்கார் கணக்கில் அவருக்கு ஓர் எண் உண்டு. ஆனால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கெஞ்சினால்தான் வாய் வைப்பார், ஈரத் தரையில் கால் வைக்க மாட்டார், ஜீப்பில் முன்சீட் கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் வேலைக்கு வந்த முதல் வாரமே மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை 'அது' என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

அவரைக் குளிப்பாட்டி, பழக்கி, கையில் பிடித்துக்கொண்டு போகிறவர் மாமனார் ஆனார். மாமனாருக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை, பெண் குழந்தையும் கிடையாது. இருந்தாலும் மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டால் இவருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். ஆகையால் பெயர் பொருந்திப் போயிற்று.

மாப்பிள்ளை குரைக்கிற ரகம் இல்லை. உட்காருகிற ரகம். பயணிகள் வரிசையில் நடந்துகொண்டே போவார். திடீரென்று ஒருவர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், அவருடைய பெட்டியைத் திற என்று அர்த்தம். அப்படி அவர் உட்கார்ந்து பிடித்துக்கொடுத்தவர்கள் ஏராளம். எப்போதாவது தவறும். முதல் தடவையாக விமானம் ஏறி வந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து, பையைக் கொட்டிப் பார்த்ததில் நாலு சட்டையும் ஒரு தலையணையும் இருந்தன. அதெல்லாம் கணக்கில் வராது.

கணக்கில் வந்தது போன மாதம் நடந்த வருடாந்தரத் தேர்வு. கூடத்தில் சுமை தூக்கும் ஆட்கள் பத்துப் பேரைப் பயணிகள் மாதிரி ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெட்டியில் மட்டும் பொடி. மாப்பிள்ளை அந்தப் பத்துப் பேரையும் சட்டை செய்யவில்லை. திரும்பி, தன் கழுத்து வாரைப் பிடித்திருந்த மாமனார் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடுக்கூடத்தில் நிற்கவைத்து மாமனாருடைய பைகளைத் தடவினார்கள். கிடைத்தது ஒரு கைக்குட்டை. அதில் லாவெண்டர் எண்ணெய் மணத்தது.

"நாயைக் கூட்டிட்டுப் போற வேலைக்கு மணக்க மணக்க வர்றீங்களே, நாய் எதைத்தான் மோந்து பார்க்கும்?" என்று கேட்டார் தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி. "அடுத்த மாசம் ஒரே ஒரு வாய்ப்பு. அதுலயும் தோத்தா, நாயைக் கிடங்குக் காவலுக்கு அனுப்பிடுவோம்."

கிடங்குக் காவல் என்றால் சங்கிலி. பகல் முழுக்க ஒரு தூணில் கட்டிப்போடுவார்கள். மாமனாரைத் தள்ளுவண்டி பொறுக்குகிற பிரிவுக்கு மாற்றுவார்கள். தள்ளுவண்டியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஈரத் தரையில் கால் வைக்காத பிள்ளையை மழையில் தூணில் கட்டுவார்களே என்பதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு மாதமாக வாசனையில்லாத சோப்பு, வாசனையில்லாத தலை. வீட்டில் சமையல் நடந்தால் மொட்டைமாடிக்குப் போய் நின்றார்.

அந்த ஒரே வாய்ப்பு இன்று. தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மாமனார் சட்டைக் காலரை இழுத்து மூக்கருகே கொண்டுபோனார். லாவெண்டர்.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"என் சட்டையில என்ன பண்ணினே?"

"மூணே மூணு சொட்டுங்க. காலருக்கு உள்பக்கமா," என்றாள் மனைவி. "ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிச்சீங்க. பார்க்கவே பாவமா இருந்தது."

"எண்ணெய்ப் பக்கமே போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"அதான் உங்களுக்குத் தெரியாம வெச்சேன்."

மனைவி குடிநீர் வாரியத்தில் புகார் போன் எடுக்கிறவள். தண்ணீர் வராதவர்களும், கலங்கலாக வந்தவர்களும், வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டவர்களும் காலை முதல் அவளைத்தான் திட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அழைப்பு மணிச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும். கூட வேலை செய்கிற ஒருத்தி, வாசனை எண்ணெய் வைத்தியம் சொல்லித்தருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு குளியலறை அலமாரியில் குட்டிக் குட்டிப் பாட்டில்கள் அணிவகுத்தன. தூக்கத்துக்கு லாவெண்டர், தலைவலிக்குப் பெப்பர்மின்ட், மூக்கடைப்புக்கு யூகலிப்டஸ், திங்கட்கிழமைக்கு எலுமிச்சை. இப்போதெல்லாம் குழாய் வெடித்துவிட்டது என்று ஒருவர் கத்தினால்கூட அவள் முதலில் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் "சொல்லுங்க சார்" என்கிறாள். மாமனாருக்கும் அந்த வாசனை பிடித்துத்தான் இருந்தது. கைக்குட்டை விவகாரம் வரும்வரை நன்றாகத் தூங்கினார்.

"இப்ப மாப்ள என் முன்னாடி உக்காந்துட்டாருடி."

"பதறாதீங்க. ஒரு நிமிஷம் கண்ணை மூடி..."

மாமனார் போனை வைத்துவிட்டார்.

சட்டையைக் கழற்றாமலே காலரை மட்டும் தொட்டிக் குழாயில் நனைத்து, மாப்பிள்ளைக்குப் போடுகிற ஷாம்புவைப் போட்டுக் கசக்கினார். தண்ணீர் பட்டதும் லாவெண்டர் தூக்கம் கலைந்து எழுந்தது. ஷாம்பு வேறு சேர்ந்துகொண்டது. கழுத்தில் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"மாப்ள, வாங்க. நடங்க," என்றார், முடிந்தவரை சாதாரணமாக.

மாப்பிள்ளை எழுந்தார். ஓர் அடி முன்னால் வந்தார். மாமனார் முகத்தை அண்ணாந்து பார்த்தார். உட்கார்ந்தார்.

மறுபடி போன்.

"தண்ணி பட்டா ஜாஸ்தியாத்தாங்க ஆகும்," என்றாள் மனைவி. "முதல்ல சாதா எண்ணெய் கொஞ்சம் தடவி ஊறவெச்சு, அப்புறம் சோப்பு போடணும். வகுப்புல சொல்லியிருக்காங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் வெச்சுட்டீங்களே."

மாமனார் கேண்டீனுக்கு ஓடினார். சமையல்காரர் அடுப்பில் மும்முரமாக இருந்தார். எண்ணெய் என்று கேட்டதும் கையில் அகப்பட்ட கிண்ணத்தை நீட்டினார். மாமனார் அள்ளிக் காலரிலும் கழுத்திலும் தேய்த்த பிறகுதான் அது காலையில் கோழி பொரித்து மிஞ்சிய எண்ணெய் என்று தெரிந்தது. காலரிலிருந்து நெஞ்சுவரை பழுப்பு நிறத்தில் வழிந்து இறங்கியது. சோப்பு போட்டதில் அது பரவியதே தவிரப் போகவில்லை.

நாய்ப் பிரிவுக்குள் அவர் நுழைந்ததும் எல்லாக் கூண்டுகளிலும் ஒரே அமளி. நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கம்பியில் தாவின. ஒன்று வாலைச் சுழற்றிய வேகத்தில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. மாப்பிள்ளை மட்டும் கோழி வாசனைக்கு மசியவில்லை. மாமனார் முகத்தையே பார்த்தபடி வந்து, மறுபடி எதிரே உட்கார்ந்தார்.

என்ன கட்டுப்பாடு என்று ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை அனுபவிக்க நேரமில்லை.

"என்ன சம்பந்தி, காலங்காத்தால கோழி வாசனையோட வர்றீங்க?"

கேட்டவர் பக்கத்துக் கூண்டுக்காரர். பெண் நாயை வைத்திருப்பதால் அவருக்குச் சம்பந்தி என்று பெயர். நல்ல மனுஷன், நல்ல பருமன். வானமே இடிந்து விழுந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

மாமனார் கதையைச் சொன்னார்.

"இவ்வளவுதானே. சட்டையை மாத்திக்குவோம்," என்றார் சம்பந்தி. "எனக்கு இன்னிக்குத் தேர்வும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க எண்ணெயை நான் சுமக்கறேன்."

சட்டைகள் கை மாறின. சம்பந்தியின் சட்டைக்குள் இன்னொரு மாமனார் குடியிருக்கலாம். தோள் தையல் முழங்கையில் வந்து தொங்கியது. அதைப் பற்றி என்ன, அதில் ஒரு வாசனையும் இல்லை. மாமனாருடைய சட்டை சம்பந்திக்கு இரண்டு பொத்தானுக்கு மேல் பூட்டவில்லை. லாவெண்டரும் கோழியுமாக அவர் சாவகாசமாக நின்றார்.

மாப்பிள்ளையை அழைத்தார்கள்.

மாப்பிள்ளை சம்பந்தியைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மாமனாரிடம் வந்து, உட்கார்ந்தார்.

சம்பந்தி தன் மேல் இருந்த காலரை ஒரு தரம் மோந்து பார்த்தார்.

"இவரு ஒரு முடிவோடதான் இருக்காரு," என்றார் சம்பந்தி.

"சட்டை இல்ல, சம்பந்தி. தோல்ல இறங்கியிருக்கு," என்றார் மாமனார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் தினம் ராத்திரி காதுக்குப் பின்னாடி தடவிவிட்டா. அது ரத்தத்துலயே கலந்திருக்கும்."

"ரத்தத்துல கலக்குமா?"

"மாப்ளயைக் கேளுங்க."

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழவும் இல்லை.

அடுத்து மாமனார் செய்ததை யாரும் செய்யக்கூடாது. கூண்டு கழுவுகிற பினாயிலை வாளித் தண்ணீரில் கலந்து, கழுத்தையும் காதையும் மார்பையும் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார். தோல் சிவந்து, எரிந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சலில் குதித்தார். சம்பந்தியின் தொளதொள சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தபோது, கழுவிவிட்ட கூண்டு ஒன்று நடந்து வருவது மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை அவரைப் பார்த்ததும் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமனாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் மாப்ள இப்படிப் பண்றீங்க? உங்களைக் கட்டிப் போட்டுடுவாங்க மாப்ள. எனக்கு அதைப் பார்க்கத் தெம்பு கிடையாது," என்றார். மாப்பிள்ளை வாலை மட்டும் ஒரு தரம் ஆட்டினார்.

வாசலில் டாக்சி வந்து நின்றது. மனைவி இறங்கினாள். ஒரு கையில் இஸ்திரி போட்ட மாற்றுச் சீருடை, இன்னொரு கையில் துணிப்பை.

"வாசனையில்லாத சோப்புல நேத்தே துவைச்சது. ஒரு சொட்டு எண்ணெய் படல," என்றாள். "கழுத்து என்னங்க இப்படிச் செவந்திருக்கு?"

"கிட்ட வராதே. உன் மேலயே வீசுது."

வீசத்தான் செய்தது. அரை நாள் விடுப்புச் சொல்ல மேலாளருக்குப் போன் செய்ய வேண்டியிருந்ததால் அவள் கொஞ்சம் தாராளமாகவே தடவிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் போனாலே கண் சொக்குகிற அளவுக்கு லாவெண்டர். மாமனார் அலறி எழுந்து மாப்பிள்ளையின் வாரைப் பிடிப்பதற்குள் மாப்பிள்ளை அவளிடம் ஓடிவிட்டார்.

உட்காரவில்லை. அவள் கையை நக்கினார், காலில் உரசினார், வாலை ஆட்டினார், அவ்வளவுதான்.

"உன் முன்னாடி ஏன் உக்காரல?" என்றார் மாமனார்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"என்னைவிட உன் மேல பத்து மடங்கு வாசனை."

"அதைத்தானே நானும் சொல்றேன். வாசனையால இருக்காதுங்க."

"சீருடையில இல்லாததால விட்டுட்டாரு," என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பயந்துபோன மனுஷனுக்கு எந்தக் காரணமும் கச்சிதமாகப் பொருந்தும். "அந்தப் பையில என்ன?"

"எல்லாத்துலயும் ஒரு பாட்டில். ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு."

"இங்கயா? தேர்வு நடக்கிற இடத்துக்கா?"

மாமனார் பையைப் பிடுங்கினார். கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் எங்காவது தொலைத்துவிட வேண்டும். குறுக்கு வழி தேர்வுக் கூடத்தின் வழியாகத்தான். கூடத்தில் சுமை தூக்கும் ஆட்கள் பெட்டிகளோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கதவைக் காலால் தள்ளி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். சம்பந்தியின் சட்டைக் கை கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. பை பறந்துபோய்க் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே விழுந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. வாசனைதான் பெரிதாக இருந்தது. பெப்பர்மின்ட் முதலில் கிளம்பியது. பின்னால் யூகலிப்டஸ், எலுமிச்சை, லாவெண்டர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. குளிர்சாதனம் அதை உறிஞ்சிப் பத்துப் பெட்டிக்கும் சமமாகப் பங்கு வைத்தது. ஆட்கள் தும்ம ஆரம்பித்தார்கள். ஒருவர், "ரெண்டு வாரமா அடைச்சிருந்த மூக்கு தொறந்துடுச்சுப்பா," என்றார்.

மாமனார் உடைந்த கண்ணாடியைக் கையாலேயே பொறுக்கினார். கால்சட்டையால் தரையைத் துடைத்தார். இப்போது முழங்காலிலும் பெப்பர்மின்ட்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் நாய்களைப் பார்க்கிற டாக்டரம்மா. அதிகாரி நின்றார். மூச்சு இழுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முகத்தில் எப்போதுமே மாற்றம் வராது.

"இது என்ன?"

"ஐயா, ஒரு பாட்டில்... நாலு பாட்டில்... தவறிப்போய்," என்றார் மாமனார். "நாளைக்கு வெச்சுக்கலாமாங்க? ஒரே ஒரு நாள்."

"விமான நிலையத்துல வாசனைத் திரவியக் கடை இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

"அங்கேயும் நாளைக்கு வர்றேன்னு சொல்வீங்களா? போய் நாயைக் கூட்டிட்டு வாங்க. ஒழுங்கான சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க."

அவ்வளவுதான். மாமனார் நாய்ப் பிரிவுக்குத் திரும்பி நடந்தார். மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சட்டையை அவளே மாற்றிவிட்டாள், பொத்தானை அவளே போட்டுவிட்டாள்.

"எல்லாம் போச்சுடி."

"சரி, போச்சு."

"சங்கிலியில கட்டுவாங்க."

"இன்னும் கட்டல." அவள் இடுப்பிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்தாள். "கூடமே மணக்குது, இனிமே இது ஒண்ணுனால என்ன கெட்டுடப் போகுது? எனக்காக ஒரு தரம் இழுங்க. அங்க நான் யாரு திட்டினாலும் இப்படித்தான் பண்றேன்."

மறுக்கக்கூட அவரிடம் சக்தியில்லை. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்தார். ஒரு மாதமாக ஒதுக்கி வைத்திருந்த வாசனை மெல்ல உள்ளே போயிற்று. மெதுவாக இழுக்கச் சொன்னாள், இழுத்தார். அதைவிட மெதுவாக விடச் சொன்னாள், விட்டார். இறுகிக் கிடந்த தாடை தளர்ந்தது. காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின. அழுகை வரும்போல இருந்தது. பிறகு அதுவும் போய், ஒன்றுமே வரவில்லை. கட்டினால் கட்டட்டும், தினமும் தள்ளுவண்டியோடு கிடங்குப் பக்கமாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மழை வந்தால் குடை பிடிக்கலாம் என்று தோன்றியது.

"வாங்க மாப்ள," என்றார்.

மாப்பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்தார். உட்காரவில்லை. கூடவே நடந்தார்.

மாமனார் அதைக் கவனிக்கவில்லை. கூடத்துக்குள் நுழைந்தபோது வாசனை முகத்தில் அறைந்தது. சுவரோரமாக அதிகாரியும் டாக்டரம்மாவும் சம்பந்தியும் நின்றார்கள். யார் பெட்டியில் பொடி இருக்கிறது என்பது அதிகாரிக்கும் அந்தப் பெட்டிக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் அதிகாரி.

முதல் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரைத் தாண்டினார். இரண்டாவது ஆள் தும்மினார். தாண்டினார். மூன்றாவது ஆளிடம் நின்றார். மாமனாருக்கு மூச்சு நின்றது. மூச்சு இழுங்க என்று மனைவி சொன்னது நினைவு வந்து, இழுத்தார். மாப்பிள்ளை நகர்ந்தார்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஒன்றுமில்லை. சுவரோரத்தில் யாரும் அசையவில்லை. குளிர்சாதனம் மட்டும் பெப்பர்மின்டை ஊதிக்கொண்டிருந்தது. இந்த வாசனையில் மனுஷனுக்கே தன் வீட்டு விலாசம் மறந்துபோகும், நாய் எப்படிப் பொடியைக் கண்டுபிடிக்கும்? மாமனார் வாரைத் தளர்த்திப் பிடித்தார். இழுத்துக் காரியத்தைக் கெடுத்தது நாமாக இருக்க வேண்டாம் என்றுதான்.

ஏழாவது ஆள் ஒல்லி. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். பெட்டிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாப்பிள்ளை அருகில் வந்ததும் எச்சில் விழுங்கினார்.

மாப்பிள்ளை நின்றார். ஒல்லிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து மாமனார் பக்கம் தலையைத் திருப்பினார்.

வந்துவிட்டது, இதோ திரும்பி என் முன்னால் உட்காரப் போகிறார் என்று மாமனார் நினைத்தார். நினைத்தாரே தவிர, பதற முடியவில்லை. கைக்குட்டையின் மிச்சம் இன்னும் மூக்கில் இருந்தது. சரி மாப்ள, உங்க இஷ்டம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளை தலையை மறுபடி திருப்பினார். ஒல்லிக்காரர் முன்னால் உட்கார்ந்தார்.

அதிகாரி நடந்து வந்தார். பெட்டியைத் திறந்தார். இரண்டு போர்வைகளுக்கு அடியில் கையை விட்டு, கட்டி முத்திரை வைத்த சிறிய பொட்டலத்தை வெளியே எடுத்தார். ஒல்லிக்காரர் சுவரில் சாய்ந்து, "அப்பாடா, இனிமே இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க," என்றார்.

அதிகாரி பொட்டலத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கூரையில் ஊதிக்கொண்டிருந்த குளிர்சாதனத்தைப் பார்த்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மூக்கை நான் பார்த்ததில்ல," என்றார். "இந்த நாத்தத்துல எனக்கு என் கையில இருக்கிற பொட்டலமே தெரியல. டாக்டர், இந்த மூக்கைப் பத்திரமாப் பார்த்துக்குங்க. மத்த நாய்ங்களுக்கும் இனிமே இதே மாதிரி வாசனை போட்டுத்தான் தேர்வு."

"ஐயோ," என்றார் சம்பந்தி, வாழ்க்கையில் முதல் முறையாக.

மாமனார் முட்டி போட்டு மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பினாயில் இல்லாமலே வழிந்தது. மாப்பிள்ளை அதைப் பொறுத்துக்கொண்டார்.

கடைசியாக மிச்சமிருந்தது டாக்டரம்மாவின் பரிசோதனை. பல், காது, பாதம், நெஞ்சு எல்லாம் பார்த்தார். "நல்லா இருக்கார். ஆளைப் பிடிக்கிறதுல இங்க இவரை அடிச்சுக்க யாரும் இல்ல. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாராளமா வேலை பார்ப்பார்," என்று அதிகாரியிடம் உரக்கச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஜீப்புக்குப் போனார். சம்பந்தி, தன் சட்டையை வாங்கிக்கொள்ள மாமனாருடைய மனைவியிடம் போனார்.

மாமனார் மட்டும் நகரவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு பயம்," என்றார் தணிந்த குரலில். "காலையிலேர்ந்து லாவெண்டர், ஷாம்பு, கோழி எண்ணெய், பினாயில், பெப்பர்மின்ட்னு எல்லாத்தையும் மோந்துட்டாரு. அந்த மூக்குக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? ஒரு தரம் நல்லாப் பார்த்துடுங்களேன்."

டாக்டரம்மா கதவை எட்டிச் சாத்தினார். பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி, மாப்பிள்ளையின் மூக்குக்கு ஒட்டினாற்போல நீட்டினார். மாமனாருக்கே மூக்கு எரிந்தது. மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை, தும்மவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. மாமனார் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"மூக்குக்குப் புதுசா ஒண்ணும் ஆகலீங்க, அது போன வருஷம் வந்த ஜுரத்துலயே போயிடுச்சு," என்றார் டாக்டரம்மா பஞ்சைத் தூக்கிப் போட்டுக்கொண்டே. "இவர் ஒரு வருஷமா வாசனை பிடிச்சு உக்காரல, யாரு பயப்படறாங்கன்னு மூஞ்சியைப் பார்த்துத்தான் உக்காருறார்."